பெயரில்லாத கல்லுக்குப் பெயர் வந்த விதம்

கொஸ்லந்தவில் கொழும்பு பஸ் ஏறினால் பேரகலை, ஹல்துமுல்லை, பெலிகுல்ஓயா, பலாங்கொடை, இரத்தினபுரி, எகலியகொடை என்று ஊர்கள் வரிசையாக வரும். பெரியாஸ்பத்திரிக்கும், கந்தோர் அலுவலுக்கும், பிள்ளைகளின் வேலைக்குமாக எம்மில் பலர் பலமுறை போய் வந்த பாதை இது. இந்தப் பாதையை ஒட்டிய பகுதிகளில் இரண்டு இடங்களில், உலகில் அதுவரை எவரும் அறிந்திராத இரண்டு கனிப்பொருட்கள் கண்டெடுக்கப்பட்டன. ஒன்று பலாங்கொடைப் பக்கத்தில் 1904ஆம் ஆண்டளவில். மற்றது எகலியகொடையில் 1953ஆம் ஆண்டில்.

இந்தக் கதையை இங்கே எழுதுவதற்குக் காரணம் உண்டு. இடம்பெயர்ந்து புதிய காணிக்கு வந்த குடும்பங்கள் நிலத்தைச் சமப்படுத்துகின்றன, அத்திவாரம் வெட்டுகின்றன, கிணறு தோண்டுகின்றன. பழக்கமில்லாத மண்ணில் பழக்கமில்லாத கற்கள் கிளம்புகின்றன. "இது மாணிக்கமா? விலை போகுமா? வீட்டில் வைத்திருக்கலாமா?" என்ற கேள்விகள் எழுகின்றன. கல்லைப் பார்த்தவுடன் விலை பேச வருகின்றவர்களும் உண்டு. ஆகவே ஒரு கல் எப்படி அறியப்படுகிறது, யாரும் அறியாத கல்லுக்குப் பெயர் எப்படி வருகிறது என்பதைத் தெரிந்துகொள்வது எமக்குப் பயனுள்ளதாகும்.

கல்லும் கனிப்பொருளும்

தேங்காய் ரொட்டியைப் பிய்த்துப் பார்த்தால் மாவும் தேங்காய்ப்பூவும் தனித்தனியே தெரியும். பாறையும் அவ்வாறே பல பொருட்கள் சேர்ந்து இறுகியது. எமது மலைப்பகுதியில் உடைந்த ஒரு பாறையின் முகத்தை வெயிலில் பாருங்கள். கண்ணாடி போன்ற வெள்ளை மணிகள் படிகக் கல், அதாவது குவார்ட்ஸ். மங்கலான வெள்ளையாக அல்லது இளஞ்சிவப்பாக இருப்பது பெல்ட்ஸ்பார். தகடு தகடாக உரிந்து மினுங்குவது மைக்கா. கருஞ்சிவப்பு உருண்டைகள் கார்னட். இவை ஒவ்வொன்றும் ஒரு கனிப்பொருள்.

ஒரு கனிப்பொருளை மற்றொன்றிலிருந்து பிரித்தறிய இரண்டு விடயங்கள் தெரிய வேண்டும். எந்த மூலகங்களால் ஆனது என்பது ஒன்று. அந்த மூலகங்களின் அணுக்கள் எந்த ஒழுங்கில் அடுக்கப்பட்டுள்ளன என்பது மற்றொன்று. பென்சிலுக்குள் இருக்கும் காரீயமும் வைரமும் காபன் என்ற ஒரே மூலகத்தால் ஆனவை. அடுக்கு வேறுபட்டதால் ஒன்று கடதாசியில் தேய்கிறது. மற்றது கண்ணாடியை அறுக்கிறது. ஆகவே அவை இரண்டு கனிப்பொருட்கள்.

இன்று உலகில் ஏறக்குறைய 6,000 கனிப்பொருட்கள் அங்கீகரிக்கப்பட்டுள்ளன. எமது காலடியில் கிடப்பவற்றில் மிகப் பெரும் பகுதி ஒரு சில வகைகளுக்குள் அடங்கிவிடும். எஞ்சிய ஆயிரக்கணக்கானவை மிக அரிதானவை. சில உலகத்தில் ஒரே ஓர் இடத்தில் மட்டும் காணப்பட்டவை.

ஒரு தமிழர் கண்ட நீலக் கல்

1877ஆம் ஆண்டு கொழும்பில் பிறந்தவர் ஆனந்த குமாரசுவாமி. தந்தையார் சேர் முத்து குமாரசுவாமி, புகழ்பெற்ற தமிழ் வழக்கறிஞர். தாயார் ஆங்கிலேயப் பெண்மணி. ஆனந்த குமாரசுவாமி பிற்காலத்தில் இந்திய, இலங்கைக் கலைகளைப் பற்றி எழுதி உலகப் புகழ் பெற்றார். ஆனால் இளமையில் அவர் படித்தது புவிச்சரிதவியல். இலங்கையில் கனிப்பொருள் அளவைக்கு முதன்முதலில் பொறுப்பாக இருந்தவர் அவரே என்பது பலருக்குத் தெரியாது. மலையும் காடும் ஏறி இறங்கி இந்நாட்டுப் பாறைகளை அவர் பதிவு செய்தார்.

கண்டிக்கு அருகில், அம்பக்கோட்டைப் பகுதியின் கங்கபிட்டிய என்ற இடத்தில், சுண்ணாம்புப் பாறையும் வேறொரு பாறையும் ஒட்டும் விளிம்பில் சிறு நீல மணிகளை அவர் கண்டார். இந்த நாட்டில் நீலமென்றால் நீலக்கல் என்று நினைப்பது இயல்பு. ஆனால் அதன் குணங்கள் எதுவும் நீலக்கல்லோடு பொருந்தவில்லை. இலண்டன் பிரித்தானிய நூதனசாலையில் பணியாற்றிய பிரையர் என்பவரோடு சேர்ந்து அதை ஆராய்ந்தார். அதில் போரன் என்ற மூலகம் இருந்தது. அத்தகைய சேர்க்கையும் அடுக்கும் அதற்கு முன் எங்கும் பதியப்பட்டிருக்கவில்லை. 1903ஆம் ஆண்டு இருவரும் அதை ஒரு புதிய கனிப்பொருளாக வெளியிட்டனர். அராபிய மாலுமிகள் இலங்கையை அழைத்த 'செரன்டிப்' என்ற பழைய பெயரைக் கொண்டு அதற்கு 'செரன்டிபைட்' என்று பெயரிட்டனர்.

பலாங்கொடையின் கரிய கல்

இரத்தினக்கல் குழிகளில் வேலை செய்தவர்களுக்கு 'இல்லம்' என்ற சொல் தெரியும். எமக்கு இல்லம் என்றால் வீடு. அங்கே இரத்தினக்கற்கள் தங்கியிருக்கும் சரளைப் படையை அப்படிச் சொல்வார்கள். அந்தச் சரளையை வெளியே எடுத்து, கூடையிலிட்டு, நீருக்குள் சுழற்றிச் சுழற்றிக் கழுவும்போது மண்ணும் இலேசான மணலும் போய்விடும். கனமானவை கூடையின் அடியில் தங்கும். அதில் நல்ல கல்லைப் பொறுக்கிய பின் மிஞ்சும் கரிய மணிகள் பெரும்பாலும் வீசப்படும்.

பலாங்கொடைப் பகுதியின் பம்பரபொட்டுவவில் இரத்தினக்கல் தேடிய ஹொலன்ட் என்பவருக்கு, அப்படி மிஞ்சிய சில சிறு கரிய கற்கள் அளவுக்கு மீறிக் கனமாக இருப்பது தெரிந்தது. அவை தாயக்கட்டை போன்ற சதுர வடிவில் இருந்தன. ஒரே அளவு தண்ணீரைவிட ஒன்பது மடங்குக்கும் மேலான பாரம்! முதலில் அது ஏற்கனவே தெரிந்த யுரேனியத் தாதான யுரேனினைட் என்றே கருதப்பட்டது. 1904இல் இலண்டன் இம்பீரியல் நிலையத்தில் பேராசிரியர் டன்ஸ்டன் பகுத்துப் பார்த்தபோது அதன் பெரும் பகுதி தோரியம் ஒட்சைட்டாக இருந்தது. நூற்றுக்கு 70க்கும் மேல். அத்தனை தோரியம் உள்ள கனிப்பொருள் அதற்கு முன் அறியப்படவில்லை. 'தோரியனைட்' என்ற பெயர் அதற்கு வந்தது.

தோரியம் எமக்கு அந்நியமான பொருள் அல்ல. லயத்தில் கலியாணம், திருவிழா, சாவீடு எதுவானாலும் பெற்றோமக்ஸ் விளக்கு எரிந்த காலம் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். அந்த விளக்கின் மென்டலுக்கு வெள்ளை வெளிச்சத்தைக் கொடுத்தது தோரியம் ஒட்சைட்டும் சிறிதளவு சீரியம் ஒட்சைட்டும் சேர்ந்த வலையே. தோரியத்துக்கு அக்காலத்தில் கிராக்கி ஏற்பட்டது இந்த மென்டல் தொழிலினால்தான். தோரியம் இல்லாத மென்டல்கள் பிற்பாடு வந்தன.

அத்துடன் கதை முடியவில்லை. இலண்டனில் சேர் வில்லியம் ராம்சேயின் ஆய்வுகூடத்தில் பயிற்சிக்கு வந்திருந்த ஒட்டோ ஹான் என்ற இளம் ஜேர்மன் விஞ்ஞானி, 1905இல் இலங்கைத் தோரியனைட்டிலிருந்து கிடைத்த பொருளை ஆராயும்போது 'ரேடியோதோரியம்' என்ற புதிய கதிர்த்தொழிற்பாட்டுப் பொருளைக் கண்டுபிடித்தார். அணுவைப் பிளக்க முடியும் என்பதைப் பிற்காலத்தில் காட்டி நொபெல் பரிசு பெற்றவர் இவரே. கூடையின் அடியில் மிஞ்சிய கரிய கல் அவ்வளவு தூரம் போயிற்று.

சந்தேகப்பட்ட கண்கள்

கல் பல கைகளைக் கடந்து போயும் அடையாளம் தெரியாமல் இருந்துவிடலாம். 1945 ஒக்டோபரில் அயர்லாந்தின் டப்ளின் நகரில் ரிச்சட் டாஃப் என்பவர் பட்டை தீட்டிய பழைய கற்கள் சிலவற்றை வாங்கினார். அதில் ஊதா நிறமான ஒரு சிறிய கல், 1.419 கரட். எல்லோரும் அதை ஸ்பினல் என்றே நினைத்திருந்தார்கள். உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்த டாஃப், கல்லினூடாகத் தெரியும் பின்புறக் கோடுகளும் கீறல்களும் இரண்டு இரண்டாகத் தோன்றுவதைக் கவனித்தார். ஸ்பினலில் கோடு ஒன்றாகவே தெரியும். ஒளிக்கதிர் இரண்டாகப் பிரிந்தால் அது ஸ்பினலாக இருக்க முடியாது.

அவர் அதை இலண்டனில் அன்டர்சன் என்ற இரத்தினக்கல் நிபுணருக்கு அனுப்பினார். பகுப்பாய்வுக்காகக் கல்லின் ஒரு பகுதியையே வெட்டிக் கொடுக்க வேண்டியிருந்தது. 1951இல் 'டாஃபைட்' என்ற புதிய கனிப்பொருளாக அது அறிவிக்கப்பட்டது. பட்டை தீட்டிய கல்லிலிருந்து முதன்முதலாக அறியப்பட்ட கனிப்பொருள் இதுவே. ஆனால் ஒரு குறை இருந்தது. கல்லின் பிறப்பிடம் எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. அத்தகைய கற்கள் பின்னர் இலங்கைச் சரளைகளிலிருந்து கிடைத்த பிறகுதான் அதன் ஊர் எதுவென்று ஊகிக்க முடிந்தது.

அடுத்த ஆண்டிலேயே, அதாவது 1952இல், இலங்கையின் மண்ணிறக் கற்கள் சிலவற்றுக்கும் இதே நிலை ஏற்பட்டது. மண்ணிறப் பெரிடொட் என்று நெடுங்காலம் விற்கப்பட்டவை உண்மையில் வேறு கனிப்பொருள் என்று நிரூபிக்கப்பட்டது. அதற்கு 'சிங்ஹலைட்' என்று பெயர். இரத்தினபுரி வியாபாரிகளின் கையில் எத்தனையோ காலம் இருந்த கல், பெயர் மட்டும் பிழையாக இருந்தது.

எகலியகொடையின் பச்சைக் கல்

கொழும்பைச் சேர்ந்த இரத்தினக்கல் நிபுணர் ஏக்கநாயக்க 1953இல் எகலியகொடைச் சரளைகளிலிருந்து கிடைத்த பச்சை நிறக் கற்களைக் கவனித்தார். அவை பளிங்குபோல ஒளி புகுவனவாக இருந்தாலும் தெரிந்த எந்தப் பச்சைக் கல்லோடும் ஒத்துப்போகவில்லை. கதிர்த்தொழிற்பாடும் இருந்தது. ஆராய்ச்சி எட்டு ஆண்டுகள் சென்றது. 1961இல் அது கல்சியம், தோரியம், சிலிக்கன் சேர்ந்த புதிய கனிப்பொருள் என்று வெளியிடப்பட்டு, அவரது பெயரால் 'ஏக்கனைட்' என்று அழைக்கப்பட்டது.

இக்கல்லின் விசித்திரம் என்னவென்றால், அதற்குள் இருக்கும் தோரியம் வெளியிடும் கதிர்கள் காலப்போக்கில் அதன் சொந்த அணு அடுக்கையே குலைத்துவிட்டன. வெளியே கல்லாக இருந்தாலும் உள்ளே கண்ணாடிபோல ஒழுங்கின்றிக் கிடந்தது. ஆய்வுகூடத்தில் சூடாக்கியபோது குலைந்த அடுக்கு மீண்டும் ஒழுங்கானது. அதன் பின்னரே எக்ஸ் கதிர் கொண்டு அதன் அமைப்பை அறிய முடிந்தது.

ஆராயும் முறை

இந்தக் கதைகள் எல்லாவற்றிலும் படிகள் ஏறக்குறைய ஒன்றே.

முதலாவது, பாரம். கல்லை நூலில் கட்டித் தராசில் நிறுக்க வேண்டும். பிறகு நீருக்குள் தொங்கவிட்டு நிறுக்க வேண்டும். வெளியே 53 கிராம், நீருக்குள் 33 கிராம் என்றால் குறைந்தது 20 கிராம். 53ஐ 20ஆல் பிரித்தால் 2.65. அது படிகக் கல்லின் தன்னீர்ப்பு. கார்னட் ஏறக்குறைய 4; தோரியனைட் 9க்கும் மேல்.

இரண்டாவது, வன்மை. நகம் கீறுகிறதா, கத்தி கீறுகிறதா, கல் கண்ணாடியைக் கீறுகிறதா என்று பார்ப்பார்கள். மோஸ் என்பவர் 1812இல் வகுத்த 1 முதல் 10 வரையான அளவில் படிகக் கல் 7, வைரம் 10.

மூன்றாவது, ஒளி. கல்லுக்குள் ஒளி எவ்வளவு முறிகிறது, ஒன்றாகப் போகிறதா இரண்டாகப் பிரிகிறதா என்பது.

நான்காவது, மூலகங்களைப் பகுத்தறிதல். ஐந்தாவது, எக்ஸ் கதிரைச் செலுத்தி அணுக்களின் அடுக்கைக் காணுதல்.

இவ்வளவும் செய்து, தெரிந்த எதுவும் பொருந்தவில்லை என்று உறுதியானால், இன்று அந்த விபரங்கள் சர்வதேசக் கனிப்பொருளியல் சங்கத்தின் ஆணைக்குழுவுக்கு அனுப்பப்படும். உறுப்பினர்கள் வாக்களித்து ஏற்றால்தான் புதிய கனிப்பொருளும் அதன் பெயரும் செல்லும். ஆராயப்பட்ட மூலக்கல்லை ஒரு நூதனசாலையில் பாதுகாப்பாக ஒப்படைக்க வேண்டும். கண்டுபிடித்தவர் தம் பெயரைத் தாமே வைத்துக்கொள்வது வழக்கமில்லை. மற்றவர்கள்தான் வைப்பார்கள்.

இன்னொன்றும் பதிவாகும். அந்தக் கனிப்பொருள் முதன்முதல் எந்த இடத்தில் கிடைத்தது என்பது ஊர்ப் பெயரோடு எழுதப்படும். கங்கபிட்டிய, எகலியகொடை ஆகிய பெயர்கள் உலகக் கனிப்பொருள் ஏடுகளில் இப்படித்தான் நிலைத்திருக்கின்றன.

எமது காணியில் கல் கிடைத்தால்

1. கிடைத்த இடத்தையும் ஆழத்தையும் திகதியையும் ஒரு துண்டில் எழுதிக் கல்லோடு வைத்துக்கொள்ளுங்கள். டாஃபின் கல்லுக்கு இல்லாமற் போனது இந்தத் துண்டுதான். இடம் தெரியாத கல்லில் ஆராய்ச்சியாளருக்குப் பாதிப் பயனே உண்டு.

2. உடைக்கவோ, நெருப்பில் போடவோ, அசிட் ஊற்றவோ வேண்டாம்.

3. கரிய, மிகக் கனமான கல் என்றால் முதலில் காந்தம் பிடித்துப் பாருங்கள். பழைய றேடியோ ஸ்பீக்கரின் காந்தம் போதும். நன்றாக ஒட்டினால் பெரும்பாலும் அது மக்னடைட் என்ற இரும்புத் தாது. ஒட்டாமல் அளவுக்கு மீறிக் கனத்தால் பிள்ளைகளின் கையில் கொடுக்காதீர்கள், படுக்கும் அறையில் வைக்காதீர்கள், மடியில் கட்டித் திரியாதீர்கள், அரைத்துத் தூளாக்காதீர்கள். தோரியமும் யுரேனியமும் உள்ள கற்களின் தூசி உடலுக்குள் போவது தீங்கானது. ஒரு சிறு கல்லைக் கண்டு பயப்படத் தேவையில்லை. தூரமாக வைத்துவிட்டு விசாரித்தால் போதும்.

4. புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்திடம் கனிப்பொருள் பற்றியும், தேசிய இரத்தினக்கல், ஆபரண அதிகாரசபையிடம் இரத்தினக்கல் பற்றியும் விசாரிக்கலாம். வீட்டு வாசலுக்கு வரும் தரகரின் ஒரு வார்த்தையை மட்டும் நம்பிக் கொடுத்துவிடாதீர்கள்.

5. 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டப்படி நிலத்துக்குள் உள்ள கனிப்பொருள் அரசுக்கு உரியது. மேல் நிலம் எவருடையதாக இருந்தாலும் இதுவே சட்டம். இரத்தினக்கல் தோண்டுவதற்கும் அனுமதிப்பத்திரம் வேண்டும். அனுமதியின்றித் தோண்டினால் வழக்கும் தண்டமும் எம்மேல்தான் விழும்.

6. அரிய கனிப்பொருள் எல்லாம் விலையுயர்ந்தது என்று எண்ண வேண்டாம். புதிய கனிப்பொருட்களில் பல, உருப்பெருக்கியில்தான் தெரியும் அளவு சிறியவை. அறிவுக்கு அவை பெரும் செல்வம். சந்தையில் அவற்றுக்கு விலை இல்லை. இந்த ஆசையில் கடன்பட்டுக் குழி வெட்டிய குடும்பம் இரண்டாம் முறையும் இடம்பெயர நேரிடலாம்.

சரிவும் எச்சரிக்கையும்

மலைச்சரிவில் குழி வெட்டுவது பற்றிக் கொஸ்லந்த மக்களுக்கு நாம் விளக்கத் தேவையில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னரே எச்சரித்திருந்தது. மண்ணைப் படித்தவர்களுக்கு அது தெரிந்திருந்தது. ஆனால் அந்த அறிவு, லயத்தில் உறங்கியவர்களைப் பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை.

கல்லுக்குப் பெயர் சூட்டும் கலையும் சரிவைக் கணிக்கும் கலையும் ஒரே புவிச்சரிதவியலின் இரு பகுதிகள். பெல்ட்ஸ்பார் என்ற கனிப்பொருள் மழையிலும் வெயிலிலும் உக்கிக் களிமண்ணாகிறது. களிமண் நீரைக் குடித்துக் கனக்கிறது, வழுக்குகிறது. நிலத்தில் வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று கலங்கி வரும் ஊற்று என்பன அதன் அடையாளங்கள். புதிய கல்லைக் கண்டால் எழுதி வைப்பதுபோல இவற்றையும் எழுதி வையுங்கள். திகதியோடு கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திலும் கொடுத்து, கொடுத்ததற்கு ஒரு பிரதி வைத்திருங்கள்.

மேலே சொன்ன கனிப்பொருட்களில் எதற்கும் கூடை பிடித்துச் சரளை கழுவியவரின் பெயர் வைக்கப்படவில்லை. கழுத்தளவு நீரில் நின்ற கைகள்தான் அந்தக் கற்களை முதலில் தொட்டன. எழுதியவர்களின் பெயர் நின்றது. எழுதாதவர்களின் பெயர் போயிற்று. ஆகவே பிள்ளைகளிடம் ஒரு கொப்பியைக் கொடுங்கள். காணியில் கிளம்பிய கல்லையும், கிணற்று நீரின் மட்டத்தையும், சுவரில் விழுந்த வெடிப்பையும் அவர்கள் அதில் திகதியிட்டு எழுதட்டும். விட்டு வந்த லயத்தின் பெயரையும் பழைய ஊரின் பெயரையும் முதற் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள்.